செக்போஸ்ட்டில் நின்ற குப்பை ஜீப்பு

புதூர்நாட்டு மலையில் ஜீப்பு ஓட்டிப் பிழைப்பவர்கள் நிறையப் பேர். ஆனால் செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ஏறச் சொல்கிறவன் ராஜாக்கண்ணு ஒருவன்தான். பஸ் எப்போதாவது தலைகாட்டுகிற ஊர்களில் ஜீப்புக்காரன் சொல்வதுதான் சட்டம். சனங்களும் முணுமுணுத்துக்கொண்டே கழற்றினார்கள்.

நாற்பத்தைந்தை நெருங்கிய ஆள். காலையில் எழுந்ததும் பல் துலக்குவதற்கு முன் ஜீப்பைத் துடைப்பான். முன் கண்ணாடிக்கு மேலே முருகன் படம், படத்துக்குக் கதம்பம், கதம்பத்துக்குப் பக்கத்தில் ஊதுவத்தி. பலாப்பழம் உள்ளே வரக்கூடாது, மேலே கட்டிக்கொள்ளலாம். புளி மூட்டை வரலாம், ஆனால் அடியில் விரிக்கச் சாக்கு கொண்டுவர வேண்டும். கருவாடு வாங்கியவர்கள் அடுத்த ஜீப்புக்குக் காத்திருக்க வேண்டியதுதான். வண்டி ஓடும்போது டிரைவரிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. வளைவுகளில் வயிறு புரட்டுகிறவர்களுக்கென்று ஓர் எலுமிச்சம்பழம் ஸ்டியரிங்குக்கு முன்னால் உருண்டுகொண்டே கிடக்கும்.

“வாந்தி வர்றா மாதிரி இருந்தா முன்னாடியே சொல்லிடணும்,” என்பான். “வந்தப்புறம் சொல்றதுல இன்னா புண்ணியம்?”

அவன் ஊருக்குக் கொஞ்சம் கீழே, சாலை ஒரு கொண்டை ஊசி போலத் திரும்பும் இடத்தில், மேல் ரோட்டுக்கும் கீழ் ரோட்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் இருந்தது. ஊரில் கூட்டிப் பெருக்கியதெல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். சந்தையில் மிஞ்சிய கவர்கள், கல்யாண வீட்டு பிளாஸ்டிக் தம்ளர்கள், ஷாம்பு பாக்கெட்டுகள், கார் போட்டுக்கொண்டு மலை பார்க்க வருகிறவர்கள் விட்டுவிட்டுப் போகும் தண்ணீர் பாட்டில்கள், பிரியாணி டப்பாக்கள். பள்ளத்தில் போட்டுவிட்டால் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைப் பற்றி யார் கவலைப்படுவார்கள்? ரொம்பவும் நாறினால் யாராவது ஒரு குச்சியைக் கிழித்துப் போடுவார்கள். கரும்புகை எழுந்து சாமைக் கொல்லைகளின் மேல் படுத்துக் கிடக்கும். ஊரே இருமும். பிறகு ஒரு மழை வந்து அணைக்கும்.

பள்ளம் என்றால் அது ஒருநாள் நிரம்பும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.

அந்த வருஷம் ஐப்பசியில் மழை அடித்து ஊற்றியது. சந்தைக்குப் போன சனங்களை ஏற்றிக்கொண்டு ராஜாக்கண்ணு மலையேறி வந்தான். கீழ் ரோட்டில் வளைவுக்குச் சற்று முன்னால் எதிரே ஏதோ கறுப்பாகச் சரிந்து கிடந்தது. மண்சரிவு என்று நினைத்து பிரேக்கை மிதித்தான். வண்டி நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டே போய் அதற்குள் மூக்கை நுழைத்தது. அப்போதுதான் தெரிந்தது, சரிந்தது மண் இல்லை. ஊர்க்காரர்கள் இத்தனை வருஷமாக மறைத்துவைத்ததெல்லாம் தண்ணீரில் மிதந்து சாலைக்கு இறங்கி வந்திருந்தது. மேலேயிருந்து குழந்தைக்குக் கட்டும் நாப்கின் ஒன்று, ஊறி உப்பி, முன் கண்ணாடியில் பொத்தென்று விழுந்தது. வைப்பர் அதை இந்தப் பக்கம் தள்ளியது. அப்புறம் அந்தப் பக்கம் தள்ளியது. கீழே தள்ளவே இல்லை. ராஜாக்கண்ணு வாயைத் திறந்தபடி அது போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

முன் சீட்டில் கெங்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். மலையில் புளி வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்கிறவள். குரல் அடுத்த மலைக்குக் கேட்கும். எல்லோரும் இறங்கித் தள்ளினால்தான் வண்டி நகரும் என்று தெரிந்ததும் கையிலிருந்த செருப்பைத் தூக்கிக் காட்டினாள்.

“இன்னாப்பா ராஜாக்கண்ணு, இப்பவாச்சும் இத்த கால்ல மாட்டிக்கலாமா?”

அன்றைக்கு வீடு போய்ச் சேர்ந்தவன் கால்கூடக் கழுவாமல் மனைவி தேவயானியிடம் பாய்ந்தான். தேவயானி அந்த ஊரின் வார்டு மெம்பர்.

“நடு ரோட்ல குப்பை வந்து குந்திக்கினு கீது. மெம்பரு நீ வூட்டுக்குள்ள அரிசி பொடைச்சிக்கினு கீற.”

“அரிசிய யாரு பொடைப்பா, கலெக்டரா?” என்றாள் தேவயானி. “சரி, அள்ளிடலாம். அள்ளி எங்க போடறது?”

“கீழ கொண்டுபோய்ப் போடு. எங்கியோ போடு. எனக்கு இன்னா தெரியும்.”

“கீழ எதுல கொண்டுபோறது?”

இந்தக் கேள்விக்குப் பதில் எங்கே போய் முடியும் என்று ராஜாக்கண்ணுக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. “கால் கழுவிக்கினு வர்றேன்,” என்று வெளியே போனவன் வெகுநேரம் திரும்பவில்லை.

ஆனால் கிராம சபைக் கூட்டத்திலிருந்து அப்படி நழுவ முடியவில்லை. எல்லோர் முன்னாலும் தேவயானி எழுந்து, பள்ளத்துக் குப்பையை மகளிர் குழு அள்ளி மூட்டை கட்டும் என்றாள். கைதட்டினார்கள். “அத்த கீழ எடுத்துக்கினு போறதுக்கு எங்க வூட்டுக்காரரு தன்னோட ஜீப்பைத் தர்றதா சொல்லிட்டாரு,” என்றாள். இன்னும் பலமாகத் தட்டினார்கள். பின்வரிசையில் இருந்த ராஜாக்கண்ணு எழுந்து ஏதோ சொல்ல வாயெடுத்தான்.

“நன்றியெல்லாம் வேணாம்னு சொல்ல வர்றாரு. கூச்ச சுபாவம்,” என்று தேவயானி முடித்துவைத்தாள்.

மழை விட்டு, பள்ளம் காய்ந்து, பெண்கள் கைக்குத் துணி சுற்றிக்கொண்டு இறங்கிப் பொறுக்கி மூட்டை கட்ட மாசி மாதம் ஆகிவிட்டது. அடியில் கறுப்பாகக் களிபோல இறுகிக் கிடந்ததை அவர்களால் அள்ள முடியவில்லை. மேலே இருந்தது மட்டுமே ஜீப்பு நிறைய வந்தது. ஒரு சனிக்கிழமை காலை, ராஜாக்கண்ணு முருகன் படத்தைக் கழற்றிப் பயபக்தியுடன் வீட்டுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தான். மூட்டைகளை ஏற்றும்போது ஒவ்வொன்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டான். கடைசியில் கெங்கம்மாள் புளி மூட்டையோடு வந்து முன் சீட்டில் ஏறினாள்.

“இன்னைக்கு ஆள் ஏத்தல அக்கா.”

“நான் ஆளு இல்ல, புளி யாவாரி. வாணியம்பாடிக்கு இன்னைக்குப் புளி போய்ச் சேரணும். எடு வண்டிய.”

மலையிறங்கி முதலில் அடிவாரத்து ஊரின் குப்பைக் கிடங்குக்குப் போனார்கள். கேட்டில் ராஜவேலு என்ற காவல்காரர் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பின்னால் ஒரு மலை. அதன் உச்சியில் நாய்கள் படுத்திருந்தன, பருந்துகள் வட்டமடித்தன, பக்கவாட்டில் எங்கேயோ மெல்லப் புகைந்துகொண்டிருந்தது.

“எந்த ஊரு குப்பை இது?” என்று கேட்டார் ராஜவேலு.

“மலைங்க. புதூர்நாட்டுப் பக்கம்.”

“மலைக் குப்பைய இங்க வாங்க மாட்டோம். எங்க ஊருக் குப்பைக்கே எடம் இல்லாம மேல மேல ஏத்தி வெச்சிக்கீறோம். பாரு, இன்னும் ரெண்டு வருசம் போனா உங்க மலை இதுக்குக் கீழதான் நிக்கும்.” குரலில் லேசாகப் பெருமை இருந்தது.

“குப்பைக்குக்கூடவா ஊரு பேரு பாப்பாங்க?”

“பாக்காம? நாளைக்கு வெலாசம் தெரியாத குப்பை ஏதாச்சும் பத்திக்கிச்சின்னா யாரு பதில் சொல்றது? மலைக் கிராமத்துக்குன்னு தனியா ஒரு ஷெட்டு கட்டி கீறாங்களாம். அங்க போ.”

விசாரித்து விசாரித்து அந்த ஷெட்டைக் கண்டுபிடித்தார்கள். பளபளவென்று புதுத் தகரம், சுவரில் மரம் செடி கொடி ஓவியம், கதவில் பெரிய பூட்டு. வாசல் நிழலில் ஆடுகள் அசைபோட்டுக்கொண்டிருந்தன. எதிர் டீக்கடைக்காரர், திறப்பு விழா இன்னும் நடக்கவில்லை என்றார்.

“விழா எப்போனா நடக்கட்டும். குப்பைய மட்டும் உள்ள எறக்கிட்டுப் போறேனே,” என்றான் ராஜாக்கண்ணு.

“தெறக்கறதுக்கு முன்னாடியே அழுக்காயிடும்னுதான் பூட்டி வெச்சிக்கீறாங்க.”

இதற்குமேல் அவனுக்குப் பொறுமை இல்லை. வெயில் ஏற ஏற மூட்டைகள் தங்கள் சுயரூபத்தைக் காட்டத் தொடங்கியிருந்தன. ஜீப்புக்குள் இருந்த வாசனையில் எலுமிச்சம்பழமே வாடிவிட்டது. ஓர் ஏரிக்கரையை ஒட்டி வந்தபோது வண்டியை மெல்ல ஓரம் கட்டினான். ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்று ஒரு பலகை நின்றது. பலகையின் கழுத்து வரைக்கும் குப்பை.

“இத்தோட இதுவும் கெடந்தா யாருக்குத் தெரியப்போவுது?” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னான்.

“எனக்குத் தெரியும். நான் தேவயானிகிட்ட சொல்லுவேன்,” என்றாள் கெங்கம்மாள்.

அவளைச் சமாதானப்படுத்தி ஒரு மூட்டையை இறக்கியும் விட்டான். அதற்குள் கரைக்குக் கீழே நிலத்திலிருந்து ஒரு விவசாயி மண்வெட்டியும் கையுமாக ஓடிவந்தார்.

“யோவ்! எந்த ஊருய்யா நீ?”

“மலைங்க.” பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை.

“மலையா? மழை பேஞ்சா ஓடைல தண்ணி வரும்னு மடைய தொறந்து வெச்சா, தண்ணிக்கு முன்னாடி உங்க ஊரு கவருதான்யா வருது. என் நெல்லுக் கழனில சிப்ஸ் பாக்கெட்டு மொளைச்சிக்கினு கீது. அதுவா வர்றது பத்தாதுன்னு வண்டி வெச்சி வேற கொண்டாந்து தர்றியா?”

ராஜாக்கண்ணு மூட்டையைத் திரும்பத் தூக்கி ஏற்றினான். பள்ளத்தில் போட்டது பள்ளத்திலேயே கிடக்கும் என்றுதான் அதுவரை அவன் நினைத்திருந்தான். அதுவோ ஓடையில் ஏறி இத்தனை தூரம், காசில்லாமல், செருப்பைக் கழற்றாமல், பயணம் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

இனி ஒரே வழி, கொண்டுவந்ததைக் கொண்டுவந்த இடத்திலேயே போடுவது. கெங்கம்மாள் புளியைப் பற்றிக் கத்தியதைக் காதில் போட்டுக்கொள்ளாமல் வண்டியை மலைப் பக்கம் திருப்பினான். அடிவாரச் செக்போஸ்ட்டில் கட்டை குறுக்கே இறங்கியது. காவலர் சதீஸ்குமார் வேலைக்குப் புதிது. சட்டையின் மடிப்பு இன்னும் கலையாத பிள்ளை.

“வண்டில என்ன இருக்கு?”

“குப்பைங்க.”

ஒரு மூட்டையைப் பிரித்துப் பார்த்தார் சதீஸ்குமார். “இது பிளாஸ்டிக். மலைக்கு மேல பிளாஸ்டிக் கொண்டுபோகத் தடை. தெரியாதா?”

“சார், இது மலையோட பிளாஸ்டிக்குதான் சார். காலைல நான்தான் கீழ எறக்கினேன். அத்தத்தான் திருப்பி எடுத்துக்கினு போறேன்.”

“மலையோடதுன்றதுக்கு என்ன அத்தாட்சி?”

ராஜாக்கண்ணு மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்தான். நாலு பக்கமும் திருப்பிப் பார்த்தான். அது மலையில் பிறந்து வளர்ந்தது என்பதற்கான எந்த அடையாளமும் அதில் இல்லை.

தேவயானிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவள் சொன்னால் இந்த ஆள் விட்டுவிடுவார் என்று நம்பிக்கை.

“சார், நான் வார்டு மெம்பர் பேசறேங்க,” என்றாள் தேவயானி. “இன்னா ஆனாலும் சரி, அந்த வண்டிய மட்டும் மேல உட்டுடாதீங்க. நாங்க இடுப்பொடிய அள்ளனது சார் அது.”

“ரொம்ப நன்றிம்மா,” என்றார் சதீஸ்குமார்.

ஜீப்பு செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் புளியமரத்தடியில் நின்றது. ராஜாக்கண்ணு அதன் படியில் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். கீழே இடமில்லை, மேலே அனுமதியில்லை. கட்டிய மனைவியும் கைவிட்டாயிற்று.

அப்போது பெங்களூர் நம்பர் போட்ட கார் ஒன்று வந்து நின்றது. கண்ணாடி இறங்கியது. உள்ளே இருந்த அம்மாள், செக்போஸ்ட்டுக்குப் பக்கத்தில் மூட்டைகளோடு ஜீப்பு நிற்பதைப் பார்த்து முகம் மலர்ந்தாள்.

“வெரி குட் அரேஞ்ச்மென்ட்,” என்று சொல்லி, காலி பாட்டில்கள் நிறைந்த ஒரு பையை ராஜாக்கண்ணுவின் மடியில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த கார்க்காரரும் அதைப் பார்த்துக் கொடுத்தார். அதற்கடுத்து வந்த வேன்காரர்கள் வரிசையாக இறங்கிக் கொடுத்தார்கள். ஒருவர், உங்களைப் போன்றவர்களால்தான் நாடு நிற்கிறது என்று கையைப் பிடித்துக் குலுக்கினார். கெங்கம்மாள் புளி மூட்டையைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள், அதையும் யாராவது குப்பையென்று எடுத்துவிடக் கூடாதே என்று.

கூட்டம் குறைந்ததும் சதீஸ்குமார் தயங்கித் தயங்கி வந்தார். இப்போது குரலில் மடிப்பு கலைந்திருந்தது.

“அண்ணே, ஒரு விஷயம். கீழ எங்கயாவது போடத்தான போறீங்க? இதையும் சேர்த்து எடுத்துக்கிட்டுப் போயிடுங்களேன்.”

செக்போஸ்ட்டுக்குப் பின்னால் அழைத்துப்போனார். அவர் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் மலையேறுகிறவர்களிடம் பறிமுதல் செய்த பாட்டிலும் கவரும் கூரையைத் தொட்டுக்கொண்டு குவிந்து கிடந்தன. பறிக்கச் சொன்னவர்கள், பறித்ததை என்ன செய்வதென்று சொல்லவில்லையாம்.

ராஜாக்கண்ணுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். சதீஸ்குமாரும் சிரித்துவிட்டார்.

கெங்கம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. “வாணியம்பாடில என்கிட்ட புளி வாங்கற ஜெய்புன்னிசா பாயம்மா காயலாங்கடை வெச்சிக்கீறா. வேண்டியது இருந்தா எடுத்துக்குவா. வண்டிய எடு, புளியாச்சும் போய்ச் சேரட்டும்.”

“அடப்பாவி அக்கா! இத்த காலைலயே சொல்றதுக்கு இன்னா?”

“வண்டி ஓடும்போது டிரைவர்கிட்ட பேசக்கூடாதுன்னு நீதான ரூலு போட்டுக்கீற.”

ஜெய்புன்னிசாவின் கடை ஊருக்கு ஒதுக்குப்புறத்தில் இருந்தது. கணவர் உஸ்மான் தோல் தொழிற்சாலையில் வேலை பார்க்க, கடையை இவள்தான் நடத்தினாள். முதலில் புளியை முகர்ந்து பார்த்து எடுத்துக்கொண்டாள். அப்புறம் மூட்டைகளைப் பிரித்துப் பார்த்தாள்.

“அரே, இது என்னா கெங்கம்மா, கல்யாணமும் காதுகுத்தும் ஒண்ணா நடந்த மாதிரி எல்லாத்தையும் கலந்து கட்டிக்கீறாங்க. இதுல பாதி எனக்கு வேணும். பாதி யாருக்கும் வேணாம். பிரிச்சுக் குடுத்தா எடுத்துக்கறேன்.”

“யாரு பிரிக்கறது?” என்று கேட்டான் ராஜாக்கண்ணு.

ஜெய்புன்னிசா உள்ளே போய் வந்தாள். ஒரு ஜோடி ரப்பர் கையுறையை அவன் முன்னால் போட்டாள்.

கருவாட்டு வாசனைக்கு மூக்கைப் பிடிக்கிறவன், அன்று மதியம் முழுக்க அந்தக் கடையின் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து குப்பை பிரித்தான். முதலில் இரண்டு விரலால் எடுத்தான். கொஞ்ச நேரத்தில் கை பழகிவிட்டது. பாட்டிலை ஒரு பக்கம் வீசினான், பால் கவரை ஒரு பக்கம் வீசினான். தவறான குவியலில் விழுந்தால் கடைப் பெண்கள் திருப்பி அவன் மேலேயே எறிந்தார்கள். கெங்கம்மாள் சுவரில் சாய்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, “அது அந்தப் பக்கம்பா, கண்ணு தெரியலயா,” என்று அதிகாரம் செய்தாள். ஜெய்புன்னிசா வீட்டிலிருந்து எல்லோருக்கும் சாப்பாடு வந்தது. கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, ராஜாக்கண்ணு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டான்.

பாட்டிலையும் கெட்டிப் பிளாஸ்டிக்கையும் அவள் எடுத்துக்கொண்டாள். சிப்ஸ் பாக்கெட்டுகளை விலைக்கு வாங்க ஆளில்லை, சிமெண்ட் ஆலைக்கு எரிக்க அனுப்பும் லாரியில் ஏற்றிவிடுவதாகச் சொன்னாள். கடைசியில் மிஞ்சியது நாப்கின் மூட்டை ஒன்று.

“இத்த யாரு எடுத்துக்குவாங்க?”

“யாரு புள்ளையோ அவங்கதான்,” என்றாள் ஜெய்புன்னிசா.

பொழுது சாயும் நேரத்தில் ஜீப்பு மறுபடி செக்போஸ்ட்டில் நின்றது. சதீஸ்குமார் மூட்டையைப் பார்த்தார். சுவரில் ஒட்டியிருந்த தடைப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை விரல் வைத்துப் படித்தார்.

“நாப்கின் இதுல இல்லண்ணே. நீங்க போகலாம்.”

அந்த மூட்டையை என்ன செய்வது என்று அடுத்த கிராம சபையில் பேசினார்கள். அதற்கடுத்ததிலும் பேசினார்கள். இப்போதும் பேசிக்கொண்டிருக்கிறார்கள். மற்றதெல்லாம் ஓரளவுக்கு ஒழுங்குக்கு வந்துவிட்டது. வீட்டுக்கு வீடு தனித்தனிச் சாக்கு தொங்குகிறது. மாசம் ஒரு தடவை ராஜாக்கண்ணு ஜீப்பில் ஏற்றி வாணியம்பாடிக்குக் கொண்டுபோகிறான், வழியில் சதீஸ்குமாருடையதையும் சேர்த்து. பள்ளத்தின் அடியில் இறுகிக் கிடப்பது அப்படியேதான் கிடக்கிறது. பெருமழைக்கு ஓடைத் தண்ணீர் இன்னும் கொஞ்சம் கறுப்பாகத்தான் இறங்குகிறது. ஆனால் போன ஐப்பசியில் ரோட்டுக்கு எதுவும் சரிந்து வரவில்லை.

ஊரில் இப்போது அவனைக் குப்பை ராஜாக்கண்ணு என்கிறார்கள். முதலில் கோபித்துக்கொண்டு இரண்டு பேரை வண்டியில் ஏற்றாமல் விட்டான். தேவயானியே ஒருநாள் வாய்தவறி அப்படிக் கூப்பிட்டதும் கோபத்தை விட்டுவிட்டான்.

சென்ற கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆள் நிறைந்த ஜீப்போடு அவன் மலை இறங்கிக்கொண்டிருந்தான். முன்னால் போன வெள்ளைக் காரின் ஜன்னலிலிருந்து ஒரு ஜூஸ் பாட்டில் பறந்து வந்து ரோட்டோரம் விழுந்தது. ராஜாக்கண்ணு வண்டியை நிறுத்தினான், இறங்கினான், பாட்டிலை எடுத்துக்கொண்டு ஏறினான். அப்புறம் யாரும் அதுவரை பார்க்காத வேகத்தில் காரைத் துரத்தினான். வளைவுக்கு வளைவு சனங்கள் ஒருவர் மேல் ஒருவர் சாய்ந்தார்கள். கெங்கம்மாள் அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினாள். அடிவாரத்துக்குச் சற்று மேலே ஹாரன் அடித்து, முந்தி, குறுக்கே நிறுத்திவிட்டான்.

காரில் இருந்தவர் பயந்துபோய்க் கண்ணாடியை இறக்கினார். ராஜாக்கண்ணு பாட்டிலைப் பணிவாக இரண்டு கையாலும் நீட்டினான்.

“உங்க பொருளு கீழ வுழுந்துடுச்சிங்க.”

காரில் இருந்தவர் நெஞ்சில் கைவைத்து மூச்சு விட்டார். “ரொம்ப தேங்க்ஸ்ங்க. இதுக்குப் போயா இவ்ளோ தூரம் வந்தீங்க?” என்று பாட்டிலை வாங்கிப் பக்கத்தில் பத்திரமாக வைத்துக்கொண்டார். ஒரு வாழைப்பழமும் கொடுத்தார்.

ராஜாக்கண்ணு பழத்தை உரித்துத் தின்றுகொண்டே வந்து வண்டியில் ஏறினான். “மனுசன் நல்ல மனுசனாத்தான் கீறாரு,” என்று சொல்லி கியரைப் போட்டான்.